உடற்பயிற்சியும் உடலின் காப்பாற்றலும்: நெருக்கீட்டு ஹார்மோன்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

உடற்பயிற்சி உடலுக்கு உரம் தரும் என்பது அனைவர்க்கும் உடன்பாடான கருத்து. அளவிறந்து உடலை வருத்துவோர் எளிதில் நோய்வாய்ப்படுவர் என்பதும் அதனோடு ஒருங்கே வழங்கிவரும் கருத்து. இவ்விரண்டும் மக்கள் பேச்சில் மட்டும் நிலவுவன அல்ல. உடலியல் அறிஞரின் ஆய்வுரைகளிலும் இருவேறு கட்சிகளாக நின்று வாதிட்டவை. நெடுந்தொலைவு ஓடியவனின் குருதியில் நோயை எதிர்க்கும் அணுக்கள் குறைகின்றன. ஆதலின் ஓட்டம் அவனுடைய காப்பைத் தளர்த்துகின்றது என்றனர் ஒரு சாரார். குறைந்த அணுக்கள் அழிந்தில. வேறிடத்திற்குச் சென்றன என்றனர் மற்றொரு சாரார்.

இவ்வழக்கின் முடிவு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அறுபது அகவை கடந்தவர் நாள்தோறும் விரைந்து நடக்கலாமா, தொற்றுநோய் பரவும் காலத்திலும் பயிற்சியைத் தொடரலாமா, தடுப்பூசி இட்டுக்கொள்ளும் முதியவர்க்குப் பயிற்சி துணைசெய்யுமா என்னும் வினாக்களுக்கு விடை இதனுள் அடங்கியுள்ளது.

உடலியற் பொருள் தமிழாய்வுக்கு எங்ஙனம் உரியதாகும் என வினவுவார் உளராகலாம். அறிவியற் கருத்தொன்று தமிழில் வழங்கத் தொடங்குங்கால், அதனைத் தாங்கிவரும் சொல் பொருந்தாததாயின், கருத்தும் திரிந்தே மக்களிடம் நிலைபெறும். நாம் எடுத்துக்கொண்ட பொருளில் அத்தகைய திரிபு நேர்ந்துள்ளது என்பது எம் கருத்து. ஆதலின் முதற்கண் சொற்களை ஆராய்ந்து, பின்னர்ப் பொருளினுட் புகுவோம்.

2. மூன்று சொற்கள்

இப்பொருளுக்கு அடிப்படையான சொற்கள் மூன்று. அவற்றுள் முதலாவது 'ஹார்மோன்' என்பது. உடலின் ஓரிடத்திற் சுரந்து, குருதி வழிச் சென்று, பிறிதோரிடத்தில் வினைபுரியும் பொருளுக்கு இப்பெயரை 1905ஆம் ஆண்டு இலண்டனில் ஆற்றிய பொழிவில் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில உடலியலறிஞர் வழங்கினார். 'எழச்செய்', 'தூண்டு' என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியிலிருந்து அது பிறந்தது. தமிழில் 'இயக்குநீர்', 'சுரப்புநீர்' எனப் பலவாறு மொழிபெயர்க்கப்பட்டிருப்பினும், 'ஹார்மோன்' என்னும் சொல்லே யாவர்க்கும் விளங்குவதாக வேரூன்றிவிட்டது. யாமும் அதனையே ஆள்கின்றோம்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் 'இம்யூனிட்டி' எனப்படுவது. இதன் இலத்தீன் மூலம் மருத்துவச் சொல்லன்று, ஆட்சித்துறைச் சொல்லாகும். ஊர்ப்பொறுப்பு, வரி முதலியவற்றினின்று விலக்குப் பெற்ற நிலையை உரோமர் அச்சொல்லாற் குறித்தனர். நம் கல்வெட்டுகளில் பயிலும் 'இறையிலி' என்னும் சொல்லோடு இது பொருளால் நெருங்கியது. வரியினின்று விலக்குப் பெற்றது போல நோயினின்று விலக்குப் பெற்றமை என்பது அதன் உட்பொருள். தமிழில் நாம் வழங்கும் 'நோய் எதிர்ப்பாற்றல்' என்பதோ போர்க்கள உவமையில் அமைந்தது. எதிர்ப்பு எனின், மிகுதோறும் நன்று என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. எதிர்ப்பு மிகின் தன் உடலையே தாக்கும் நோய்களும், ஓயாத அழற்சியும் விளையும். இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவதே பெருங்குழப்பத்திற்கு இடமானது. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' எனப்படுவதை இன்று 'மன அழுத்தம்' என எழுதுகின்றனர். பொருள்களின் இயல்பை ஆராயும் இயற்பியலில் இச்சொல்லைத் 'தகைவு' என்றும், அதனால் விளையும் மாற்றத்தைத் 'திரிபு' என்றும் தமிழ்ப் பாடநூல்கள் தெளிவாகப் பிரித்துரைக்கின்றன. உடலியலில் அத்தெளிவு இல்லை. 'மன அழுத்தம்' என்னும் தொடரில் இரு குறைகள் உள. ஒன்று, மனச்சோர்வு என்னும் நோயையும் அத்தொடராலேயே பலர் குறிப்பதால் இருவேறு நிலைகள் ஒன்றெனக் கொள்ளப்படுகின்றன. மற்றொன்று, 'மன' என்னும் அடைமொழி உடலால் நேரும் நெருக்கடியை முற்றும் மறைத்துவிடுகிறது. குளிர், காயம், பசி, கடும் ஓட்டம் ஆகியனவும் அறிவியலார் கருத்தில் 'ஸ்ட்ரெஸ்' விளைப்பனவே. ஆதலின் ஈழத் தமிழறிஞர் வழங்கும் 'நெருக்கீடு' என்னும் சொல்லை யாம் மேற்கொள்கின்றோம். மனத்தளவில் நிகழ்வதை உளநெருக்கீடு என்றும், உடலளவில் நிகழ்வதை உடல்நெருக்கீடு என்றும் பிரித்துக்கொள்ள அது இடந்தருகிறது.

3. நெருக்கீட்டின் இரு வழிகள்

அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் கேனன் அச்சமும் வெகுளியும் உடலில் விளைக்கும் மாற்றங்களை ஆராய்ந்தார். நாய் குரைக்கக் கேட்டு அஞ்சிய பூனையின் குருதியில் அட்ரினல் சுரப்பியின் நீர் கலப்பதை அவர்தம் ஆய்வுக்கூடத்தார் 1911இல் காட்டினர். 1915இல் இவ்வாய்வுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். தொல்காப்பியர் எட்டென வகுத்த மெய்ப்பாடுகளுள் அச்சமும் வெகுளியும் இடம்பெறுவதைத் தமிழ் பயில்வோர் அறிவர். உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் புலப்படும் என்பது மெய்ப்பாட்டின் இலக்கணம். கண்டோர்க்குப் புலனாகும் நடுக்கத்திற்கும் வியர்ப்பிற்கும் அடியில், கண்ணுக்குப் புலனாகாமற் குருதியில் நிகழ்வதைக் கேனன் அளந்தார் எனலாம்.

இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் அட்ரினல் சுரப்பிகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் அகப்பகுதி, புறணி என இரு கூறுடையது. அகப்பகுதி நரம்பின் ஆணையால் நொடிப்பொழுதில் அட்ரினலினைச் சுரக்கும். இதயம் விரையும், தசைகளுக்குக் குருதி பெருகும், கல்லீரலிலிருந்து சர்க்கரை வெளிப்படும். இது விரைவு வழி.

புறணியினது வழி மெல்லியது. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி தன் ஹார்மோனாற் புறணியைத் தூண்ட, புறணி கார்ட்டிசாலைச் சுரக்கும். இதற்குச் சில நிமிடங்கள் செல்லும். அதன் விளைவு மணிக்கணக்கில் நிற்கும். கார்ட்டிசால் நெருக்கீட்டில் மட்டும் தோன்றுவதன்று. நாள்தோறும் வைகறையில் ஏறி, துயில் எழுந்த சிறிது பொழுதில் உச்சியெய்தி, நள்ளிரவையொட்டி மிகத் தாழும் இயல்பினது. அஃதின்றி உயிர்வாழ்தல் அரிது.

இவ்விரண்டாம் வழியை நோய் எதிர்ப்போடு இணைத்துக் காட்டியவர் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே. 1936ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 'நேச்சர்' இதழில் அவர் ஒரு சிறு மடல் வெளியிட்டார். எலிகளைக் கடுங்குளிர், அறுவைக் காயம், நச்சுமருந்து எனப் பல்வகை இடர்களுக்கு ஆட்படுத்தியபோது, இடர் யாதாயினும் விளைவு ஒன்றாகவே இருந்தது. அட்ரினல் பருத்தது, தைமஸ் சுரப்பியும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கின, இரைப்பையிற் புண் தோன்றியது. அம்மடலில் அவர் அடுக்கிய இடர்களுள் அளவிறந்த தசையுழைப்பும் ஒன்று என்பது நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி. முதலில் அதிர்ச்சி, பின்னர்த் தாங்கிநிற்றல், இறுதியில் தளர்ச்சி என மூன்று நிலைகளை அவர் வகுத்தார். தைமஸ் என்பது எதிர்ப்பு அணுக்களின் பயிற்சிக்களம். அது சுருங்குமாயின் எதிர்ப்பு குன்றும் என்னும் எண்ணம் அன்றே வித்திடப்பட்டது.

4. கார்ட்டிசால் பகையா, காப்பா?

அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்தியது ஒரு மருத்துவ வெற்றி. 1948இல் பிலிப் ஹென்ச் என்பார் புறணியின் ஹார்மோன் ஒன்றை முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தி, வீக்கமும் நோவும் தணியக் கண்டார். அவருக்கும், புறணிப் பொருள்களைப் பிரித்தறிந்த கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகியோர்க்கும் 1950ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அழற்சியைத் தணிக்கும் பொருள் எதிர்ப்பையும் தணிக்குமன்றோ? ஆதலின் கார்ட்டிசால் என்றாலே காப்பைக் கெடுப்பது என்னும் கருத்துப் பரவலாயிற்று.

ஆயின் ஓர் ஐயம் எழுகின்றது. இடர் நேருங்காலத்தில், காப்பு மிகவும் வேண்டப்படும் அப்பொழுதில், காப்பைக் கெடுக்கும் பொருளை உடல் ஏன் சுரக்க வேண்டும்? 1984இல் ஆலன் மங்க் என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் இதற்கு விடை கூறினர். கார்ட்டிசால் இனப் பொருள்கள் நம்மைக் காப்பது இடரினின்றும் அன்று. இடரை எதிர்க்க எழும் நம் உடலின் வினைகள் வரம்பு கடவாதபடி காப்பதே அவற்றின் பணி என்றனர்.

நம் நாட்டு ஏரிகளில் உள்ள கலிங்கை இதற்கு உவமையாகக் கூறலாம். கலிங்கு ஏரிக்கு நீர் வருவதைத் தடுப்பதன்று. மிகுந்த நீரை வெளியேற்றிக் கரை உடையாமற் காப்பது. கலிங்கு இல்லாத ஏரி பெருமழையில் உடையும். எந்நேரமும் திறந்தே கிடக்கும் கலிங்குடைய ஏரி கோடையில் வறளும். தேவை நேரும்போது நீரை விட்டு, தேவை தீர்ந்தபின் நிறுத்துவதே கலிங்கின் சிறப்பு. கார்ட்டிசாலின் நன்மையும் தீமையும் அதன் அளவில் மட்டும் இல்லை. அது எழும் காலத்திலும் தணியும் காலத்திலும் உள்ளன. இக்கருத்தே பின்வரும் ஆய்வு முடிவுகள் அனைத்தையும் கோக்கும் இழையாகும்.

5. ஒருபொழுதை ஓட்டமும் வெள்ளணுக்களும்

கடும் உழைப்பிற்குப்பின் குருதியில் வெள்ளணுக்கள் பெருகும் என்பது பழைய செய்தி. பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் குருதியை ஆராய்ந்து ரால்ப் லாரபீ என்னும் மருத்துவர் 1902இலேயே இதனை எழுதியுள்ளார். எவ்வகை அணு, எப்பொழுது, எதனால் பெருகுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் விளக்கின.

ஓட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நிணநீரணுக்கள் குருதியில் மிகுகின்றன. அவற்றுள்ளும் 'இயற்கைக் கொல்லணுக்கள்' எனப்படுவன பன்மடங்காகின்றன. நச்சுயிரி புகுந்த அணுக்களையும் புற்றணுக்களையும் முன்பயிற்சியின்றியே அழிக்கவல்லன இவை. இவற்றின் மேற்புறத்தில் அட்ரினலினை ஏற்கும் அமைப்புகள் மிகுதி. அட்ரினலின் அவற்றைத் தீண்டியவுடன், குருதிக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தவை விடுபட்டு ஓட்டத்திற் கலக்கின்றன. மண்ணீரல் முதலிய உறுப்புகளில் தங்கியிருந்தனவும் உடன்வருகின்றன.

ஓட்டம் நின்றபின் காட்சி மாறுகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிணநீரணுக்களின் எண்ணிக்கை முன்னிருந்த அளவினும் தாழ்கிறது. நியூட்ரோபில் எனப்படும் வேறுவகை வெள்ளணுக்களோ கார்ட்டிசாலின் தூண்டுதலால் எலும்பு மச்சையிலிருந்து வெளிவந்து சில மணி நேரம் மிகுந்தே நிற்கின்றன. ஒரு நாளுக்குள் யாவும் பழைய நிலையை எய்துகின்றன.

நிணநீரணுக்கள் தாழும் அவ்வேளையையே ஆய்வாளர் பலர் 'திறந்த சாளரம்' என்றனர். சாளரம் திறந்துகிடக்கக் கிருமிகள் எளிதில் புகும் என்பது அவர்தம் கொள்கை.

6. 'திறந்த சாளரம்': கொள்கையும் மறுப்பும்

இக்கொள்கைக்குச் சான்றாக இரு கணிப்புகள் பெரிதும் எடுத்தாளப்பட்டன. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1982இல் நிகழ்ந்த 56 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப்பின் இரண்டு வாரங்களில், ஓடியவர்களில் நூற்றுக்கு 33.3 பேர் சளி, தொண்டைநோவு முதலிய குறிகளைக் கூறினர். ஓடாதாரில் நூற்றுக்கு 15.3 பேரே கூறினர். பீட்டர்சும் பேட்மனும் இதனை 1983இல் வெளியிட்டனர். 1987ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானையொட்டி 2,311 ஓட்டக்காரரை டேவிட் நீமன் குழுவினர் வினவினர். ஓட்டத்திற் பங்குகொண்டோரில் நூற்றுக்கு 12.9 பேர் அடுத்த வாரத்தில் நோயுற்றதாகக் கூற, ஒத்த பயிற்சி இருந்தும் அன்று ஓடாதவரில் 2.2 பேரே அவ்வாறு கூறினர். வாரத்தில் 97 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழகியோர், 32 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடியோரினும் இருமடங்கு நோய்வாய்ப்பு உடையராயிருந்தனர்.

இவ்வெண்கள் வலியுடையன போலத் தோன்றுகின்றன. எனினும், சான்றின் தன்மையை நோக்குதல் ஆய்வாளரின் கடமை. இவை யாவும் ஓடியவர் தாமே கூறிய குறிகள். மருத்துவர் கிருமியைக் கண்டு உறுதிசெய்தவை அல்ல. 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இக்குறையை நீக்க முயன்றனர். மூச்சுமேற்பாதை நோய்க்குறி தோன்றிய 37 நிகழ்வுகளில் மாதிரி எடுத்து ஆராய்ந்தபோது, 11இல் மட்டுமே நோய்க்கிருமி அகப்பட்டது. எஞ்சியவற்றுக்கு உலர்காற்று, தூசு, ஒவ்வாமை ஆகியவற்றால் நேரும் தொண்டை அழற்சி காரணமாகலாம். மேலும், மாரத்தான் நாளில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நிற்றல், நெடும்பயணம், முந்திய இரவு துயிலின்மை ஆகியவையும் உடன்நிகழ்கின்றன. நோய்க்கு ஓட்டம் காரணமா, கூட்டம் காரணமா என இக்கணிப்புகளாற் பிரித்தறிய இயலாது.

குருதியில் அணுக்கள் குறைந்தமை பற்றிய வாதமோ இன்னும் நுணுக்கமானது. உடலிலுள்ள நிணநீரணுக்களுள் நூற்றில் ஏறத்தாழ இரண்டே எந்நேரத்திலும் குருதியில் உலவுவன. எஞ்சியவை நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், எலும்பு மச்சை, குடற்சுவர் முதலிய இடங்களில் உறைவன. தெருவிற் செல்வோரை எண்ணி ஊரின் மக்கட்டொகையைக் கூறுவார் போல, குருதியணுவை மட்டும் எண்ணிக் காப்பின் நிறைகுறையைக் கூறுதல் பொருந்தாது. 2008இல் கார்ஸ்டன் க்ரூகர் முதலானோர் எலிகளின் நிணநீரணுக்களுக்கு அடையாளமிட்டு அவை சென்ற வழியைத் தொடர்ந்தனர். ஓடிய எலிகளில் அவை நுரையீரலிலும், எலும்பு மச்சையிலும், குடலின் நிணத்திட்டுகளிலும் மிகுந்து காணப்பட்டன. நுரையீரலும் குடலும் புறவுலகத்தோடு உறவுடைய வாயில்கள். ஆகவே அணுக்கள் அழிந்தில. காவல் வேண்டிய வாயில்களை அடைந்தன என்பது போதரும்.

2018இல் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர் கேம்ப்பெல், டர்னர் ஆகிய இருவரும் இவற்றையெல்லாம் தொகுத்து, உடற்பயிற்சி எதிர்ப்பைக் குன்றச்செய்யும் என்பது சான்றற்ற கூற்று என நிறுவ முற்பட்டனர். மாற்றுக்கட்சியினரும் வாளாவிருந்திலர். 2020இல் இருசாராரும் ஒரே கட்டுரையில் தத்தம் கருத்துகளை எதிரெதிரே வைத்து விவாதித்தனர். மிகுபயிற்சி பெறும் வீரர்க்குத் துயிலின்மை, உணவுக்குறை, உளநெருக்கீடு, பயணம் ஆகியன சேரும்போது தொற்று மிகலாம் என்பதில் இருவர்க்கும் பெரிதும் வேறுபாடில்லை. பயிற்சி ஒன்றே அதற்குக் காரணமாகுமா என்பதிலேயே வேறுபாடு உளது. எம் நோக்கில், அளவான பயிற்சி காப்பைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று யாதுமில்லை. 1,002 பேரைப் பன்னிரண்டு வாரம் நோக்கி நீமனே 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் ஐந்து நாளோ அதனினும் மிகுதியாகவோ பயிற்சி செய்தோர் நோயுற்றிருந்த நாட்கள், பயிற்சி மிகக் குறைந்தோரினும் நூற்றுக்கு 43 பங்கு குறைவு.

7. பயிற்சி ஹார்மோன்களை எங்ஙனம் பழக்குகிறது?

ஒருநாள் ஓடுவது வேறு. நாள்தோறும் ஓடிப் பழகுவது வேறு. முன்னது நெருக்கீடு, பின்னது நெருக்கீட்டைப் பயிற்றுவித்தல்.

முதற்கண், எல்லா உழைப்பும் கார்ட்டிசாலை உயர்த்துவதில்லை. 2008இல் ஹில் முதலானோர் பன்னிரு ஆடவரை முப்பது நிமிடம் மிதிவண்டிப் பொறியில் உழைக்கச் செய்தனர். அவரவர் மிகுதியாக ஏற்கவல்ல உயிர்வளியளவில் நூற்றுக்கு 60, 80 என்னும் பங்குகளில் உழைத்தபோது கார்ட்டிசால் ஏறியது. 40 என்னும் பங்கில் உழைத்தபோதோ, நாளோட்டத்தால் நேரும் மாற்றத்தையும் நீர்க்குறைவையும் கணக்கிற் கொண்டு நோக்க, இறங்கியது. மெல்லிய நடை போன்ற உழைப்பு நெருக்கீட்டு ஹார்மோனைத் தணிக்கும் என்பதற்கு இது சான்று.

அடுத்து, பழகிய உடல் அதே வேலைக்குக் குறைந்த ஹார்மோனையே செலவிடும். 1978இல் விண்டர் முதலானோர் ஏழு வாரப் பயிற்சியின் விளைவை வாரந்தோறும் அளந்தனர். ஒரே அளவான உழைப்பில் அட்ரினலினும் அதன் இனப்பொருளும் பயிற்சியால் வெகுவாகக் குறைந்தன. அக்குறைவின் பெரும்பகுதி முதல் மூன்று வாரங்களிலேயே நிகழ்ந்துவிட்டது. ஆயின், உச்ச உழைப்பில் நெடுநாட் பயின்ற வீரர் பயிலாதாரினும் மிகுதியான அட்ரினலினைச் சுரக்கவல்லவர் எனப் பிற ஆய்வுகள் காட்டின. சிக்கனமும் சேமிப்பும் ஒருங்கே வாய்த்தமை இதனாற் பெறப்படும். சிறு தேவைக்குச் சிறிதளவே செலவிட்டு, பெருந்தேவைக்குப் பெருக வழங்கும் நிலையே பயிற்சியின் பயன்.

இப்பழக்கம் உடல்நெருக்கீட்டிலிருந்து உளநெருக்கீட்டிற்கும் பரவுமா என்பது அடுத்த வினா. அவையினர்முன் திடீரெனப் பேசச் செய்தும், மனக்கணக்கு இடச் செய்தும் உளநெருக்கீட்டை அளக்கும் முறையொன்று ஜெர்மனியின் ட்ரியர் நகரில் உருவாக்கப்பெற்று 1993இல் வெளியாயிற்று. அம்முறைப்படி 2007இல் ரிம்மெலே முதலானோர் சிறந்த விளையாட்டு வீரரையும் பயிலாத ஆடவரையும் சோதித்தனர். வீரரின் கார்ட்டிசாலும் இதயத்துடிப்பும் குறைவாகவே உயர்ந்தன. ஆயினும், இயல்பாகவே அமைதியுடையவர் வீரராகியிருத்தலும் கூடுமன்றோ? அவ்வையத்தைப் போக்க, 2014இல் கிளாப்பர்ஸ்கி முதலானோர் பயிலாத ஆடவரைக் குலுக்கல் முறையிற் பிரித்து ஒரு பகுதியினர்க்குப் பன்னிரண்டு வாரம் ஓட்டப் பயிற்சி அளித்தனர். பயிற்சி பெற்றோரிடம் கார்ட்டிசால் உயர்வு தணிந்தது. உடலைப் பயிற்றுதல் உள்ளம் நெருக்கீட்டை ஏற்கும் முறையையும் மாற்றும் என்பது இதனாற் புலனாகும்.

தசையின் பங்கும் ஈண்டு கூறற்பாலது. தசை இழுக்கவும் தள்ளவும் மட்டும் அமைந்தது என்பது பழங்கருத்து. உழைக்கும் தசையே இன்டர்லூக்கின்-6 என்னும் செய்திப்பொருளை வெளியிடுகிறது எனக் கோப்பன்ஹேகன் ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் நிறுவினர். நெடிய ஓட்டத்திற்குப்பின் குருதியில் அது நூறு மடங்கு வரை உயர்தலும் உண்டு. அழற்சி நோயிலும் அப்பொருள் மிகுவதால் முதலில் அதனைத் தீங்கெனவே எண்ணினர். தசையிலிருந்து வரும்போதோ அது கார்ட்டிசாலையும், அழற்சியைத் தணிக்கும் பிற பொருள்களையும் எழுப்புகிறது. 2003இல் ஸ்டார்க்கி முதலானோர் நலமுடையார்க்குச் சிறிதளவு நுண்ணுயிர் நச்சைச் செலுத்தினர். ஓய்ந்திருந்தோரிடம் அழற்சிப் பொருள் வெகுவாக உயர்ந்தது. மூன்று மணி நேரம் மிதிவண்டி உழைப்பில் ஈடுபட்டோரிடம் அவ்வுயர்வு தோன்றவேயில்லை. ஒரே பொருள் இடத்தாலும் காலத்தாலும் வேறு வினைபுரிதலை இங்குக் காண்கிறோம்.

8. முதுமையும் ஒரு முரணும்

முதுமையில் தைமஸ் சுருங்கும். புதிய நிணநீரணுக்கள் குறையும். தடுப்பூசியின் பயனும் தேயும். அதனால் இவ்வாய்வுகளின் பயன் முதியோர்க்கே பெரிது. உட்கார்ந்த வாழ்வினரான 144 முதியோரை உட்ஸ் முதலானோர் இரு பகுதியாக்கிப் பத்துத் திங்கள் பயிற்றுவித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். நடை முதலிய மூச்சுழைப்புப் பயிற்சி பெற்றோரிடம், உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் பெற்றோரைக் காட்டிலும், இன்ஃபுளூயன்சாத் தடுப்பூசியின் காப்பு நெடிது நின்றது. 55 முதல் 79 அகவை வரையுள்ள, நெடுங்காலம் மிதிவண்டி ஓட்டிப் பழகிய 125 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆங்கில நாட்டு ஆய்வு, அவர்தம் தைமஸ் வெளியிடும் புதிய அணுக்கள் இளைஞரை ஒத்திருந்தன எனக் கூறிற்று. செல்யேயின் எலிகளில் சுருங்கிய அதே சுரப்பி, அளவறிந்து உழைத்த மாந்தரிடம் இளமையோடு நின்றது நோக்கத்தக்கது.

புண் ஆறும் காலமும் காப்பின் அளவுகோலாகும். நினைவிழப்பு நோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்டிர்க்குத் தோலில் இட்ட சிறுபுண் ஆற 48.7 நாள் ஆயிற்று. பிற பெண்டிர்க்கு 39.3 நாளே ஆயிற்று எனக் கீக்கோல்ட்-கிளேசர் முதலானோர் 1995இல் காட்டினர். இடைவிடாத உளநெருக்கீடு காப்பைத் தளர்த்தும் என்பதற்கு இது தெளிவான சான்று. அக்குழுவினரைச் சார்ந்த எமரி முதலானோர் 2005இல் இதன் மறுபக்கத்தை ஆராய்ந்தனர். முதியோர் 28 பேருள் மூன்று திங்கள் பயிற்சி பெற்றோர்க்குப் புண் 29.2 நாளில் ஆறியது, பெறாதார்க்கு 38.9 நாள் ஆயிற்று.

இவ்வாய்வில் ஒரு முரண் தோன்றிற்று. விரைந்து புண் ஆறிய முதியோரிடம், நெருக்கீட்டுச் சோதனையின்போது கார்ட்டிசால் குறையவில்லை, முன்னினும் மிகுந்தது. இளைய வீரரிடம் குறைந்தது, முதியோரிடம் மிகுந்தது. இரண்டும் எங்ஙனம் நன்மையாகும்? கார்ட்டிசாலைப் பகையெனக் கொள்வார்க்கு இது விளங்காப் புதிர். கலிங்கு எனக் கொள்வார்க்கோ புதிரன்று. பயிற்சியின் நோக்கம் ஹார்மோனைக் குறைப்பதன்று. தேவைக்கு ஏற்ப எழவும், தேவை தீர்ந்தபின் தணியவும் வல்லதாக அதனை ஆக்குவதே. மந்தமுற்றிருந்த ஒருவரிடம் அது எழுச்சியாகவும், வீணே கிளர்ந்தெழும் ஒருவரிடம் அது தணிவாகவும் வெளிப்படலாம். 28 பேர் கொண்ட சிறிய ஆய்வைக்கொண்டு முடிந்த முடிபு கூறல் இயலாதெனினும், மேற்கூறிய பிற சான்றுகளோடு இவ்விளக்கம் இயைந்து நிற்கிறது.

இதன் மறுதலையும் சான்று பகர்கின்றது. ஓய்வின்றி மிகுபயிற்சியால் தளர்ந்த வீரரை பிரசல்ஸ் நகர ஆய்வாளர் மியூசன் முதலானோர் ஒரே நாளில் நான்கு மணி இடைவெளியிட்டு இருமுறை உச்ச உழைப்பில் ஈடுபடுத்தி 2004இல் முடிவை வெளியிட்டனர். நலமுடைய வீரரிடம் இரண்டாம் முறையும் பிட்யூட்டரி ஹார்மோன் உயர்ந்தது. தளர்ந்தவரிடம் முதன்முறை மிகுதியாக உயர்ந்து, இரண்டாம் முறை அடங்கிப்போயிற்று. எழும் ஆற்றலை இழப்பதே தளர்ச்சி என்பது இதனால் வலியுறும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நான்கு செய்திகள் தெளிவாகின்றன. ஓட்டத்திற்குப்பின் குருதியணுக்கள் குறைதல் அழிவன்று, இடப்பெயர்ச்சியே. நெருக்கீட்டு ஹார்மோன்கள் காப்பின் பகைவர் அல்லர். காலமறிந்து எழுந்து தணியாமையே பகை. அளவான பயிற்சி அவ்வெழுச்சியையும் தணிவையும் செம்மைப்படுத்துகிறது. துயிலும் உணவும் ஓய்வும் இன்றிச் செய்யும் மிகுபயிற்சி அவற்றைக் குலைக்கிறது. வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்பில் ஈடுபடுக என உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்த நெறி, இம்முடிவுகளுக்கு இயைந்ததே.

சொல்லாராய்ச்சியின் பயனும் இங்கே புலனாகும். 'மன அழுத்தம்' என்று மட்டும் கூறின், அதனை அறவே நீக்குதலே நலம் எனத் தோன்றும். அழுத்தத்தை விரும்பி ஏற்பார் யார்? 'நெருக்கீடு' எனின், அளவோடு ஏற்றுப் பழகத்தக்க ஒன்று எனக் கொள்ள இடமுண்டு. நாள்தோறும் விரைந்து நடக்கும் முதியவர் சிறியதோர் நெருக்கீட்டைத் தாமே விரும்பி மேற்கொள்கிறார். அதனாற் பெருநெருக்கீடு வருங்கால் தாங்கவல்லராகிறார். இவ்வுண்மையைத் தமிழில் எழுதுவோர் இருவகை நெருக்கீட்டையும் வேறுபடுத்தி எழுதுதல் வேண்டும் என்பதும், பாடநூல்களில் மனச்சோர்வு என்னும் நோய்ப்பெயரை இதனோடு மயங்க வைத்தல் தவிர்க்கப்பட வேண்டும் என்பதும் யாம் அறிஞர்முன் வைக்கும் கருத்துகள்.